லேப்டாப்போடு உட்கார ஒரு கடை: கோவையில் நாங்கள் போட்ட பட்டியல்

வரைபடச் செயலியில் ஒரு கடைக்கு 4.6 நட்சத்திரம் இருந்தால், அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், போட்டோ நன்றாக வரும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். லேப்டாப்பைத் திறந்து வைத்து மூன்று மணி நேரம் வேலை பார்க்க முடியுமா, நடுவில் ஒரு வீடியோ கால் பேச முடியுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. சாப்பிடப் போனவர்கள் போட்ட நட்சத்திரம் அது. வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு பட்டியல் வேண்டும்.

கோவையில் சரவணம்பட்டி, கணபதி, பீளமேடு பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சிலர் சேர்ந்து அப்படியொரு பட்டியலைப் போட்டோம். எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் மாதம் தவறாமல் வருகிற கேள்வி: "நாளைக்கு எங்க ஏரியால ஷட்டவுன். எங்க போய் உக்காரலாம்?" நாலைந்து பேர் பதில் சொல்வார்கள். அடுத்த மாதம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்பார். பழைய பதில்கள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் எங்கேயோ போயிருக்கும். அவற்றை ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால் என்ன என்றுதான் ஆரம்பித்தோம்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவர்களுக்கான நோமாட் லிஸ்ட் தளத்தை 2014-ல் பீட்டர் லெவல்ஸ் தொடங்கியபோது, அதுவும் முதலில் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று திறந்துவிட்ட ஒரு ஷீட்தான். அதில் நகரங்களை ஒப்பிட்டார்கள். எங்களுக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிட தூரம் போதும்.

கடைகளைச் சேர்த்தது

பெயரும் இடமும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்திலிருந்து எடுத்தோம். அதில் தேடித் தருகிற ஓவர்பாஸ் டர்போ தளத்தில் வரைபடத்தைக் கோவைக்கு நகர்த்தி வைத்து, 'அமெனிட்டி=கஃபே' என்ற குறிச்சொல் உள்ள இடங்களைக் கேட்டால் பட்டியல் வந்துவிடும். ஷீட்டில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாகவும் எடுக்கலாம். ஆனால் கோவையில் அதோடு நிறுத்தினால் பாதி ஊர் விட்டுப்போகும். இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிற இடம் பேக்கரி. அது 'ஷாப்=பேக்கரி' என்று வேறு குறிச்சொல்லில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டோம். அப்புறம் நாற்காலி இல்லாத பேக்கரிகளை நேரில் பார்த்து நீக்கினோம்.

வைஃபை இருக்கிறதா என்பதற்கு 'இன்டர்நெட்_ஆக்சஸ்' என்றொரு குறிச்சொல் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே உண்டு. நாங்கள் எடுத்த கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் அதை நிரப்பியிருக்கவில்லை. நேரில் போனவர்கள் வைஃபை, கழிப்பறை, திறந்திருக்கும் நேரம் மூன்றையும் அங்கேயே சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் ஷீட் நாளைக்கு அழிந்து போனாலும் அந்தத் தகவல் ஊருக்கு மிஞ்சும். இதில் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். வேறு வரைபடச் செயலியிலிருந்து பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதக் கூடாது, உரிமச் சிக்கல் வரும். 'நல்ல கடை', 'காபி சுமார்' போன்ற அபிப்பிராயங்களையும் அங்கே போடக் கூடாது. இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடிகிற தகவலுக்குத்தான் அங்கே இடம். அபிப்பிராயமெல்லாம் எங்கள் ஷீட்டுக்கு.

படிவத்தில் நட்சத்திரம் இல்லை

கூகுள் ஃபார்மில் படிவம் போட்டோம். வைஃபைக்கு ஐந்துக்கு எத்தனை, சத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருடைய நான்கு இன்னொருவருடைய இரண்டாக இருக்கும். நாள் முழுக்க கால் பேசுகிற சப்போர்ட் ஆளுக்கு வைஃபைக்கு ஒன்று கொடுக்கத் தோன்றும் கடையில், புரோகிராம் எழுதுகிறவர் ஐந்து கொடுத்துவிட்டுப் போவார். இரண்டையும் கூட்டி வகுத்தால் வருகிற மூன்று இரண்டு பேருக்கும் உதவாது.

அதனால் எல்லாக் கேள்விகளையும் ஆம், இல்லை அல்லது ஒரு எண் என்று வைத்தோம். அப்லோடு வேகம் எவ்வளவு? அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கிற வி.பி.என். ஏறியதா? உட்கார்ந்த இடத்திலிருந்து வயர் எட்டும் தூரத்தில் பிளக் இருந்ததா? கால் பேசும்போது மறுமுனையில் இருந்தவர் சத்தம் என்று சொன்னாரா? எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், எவ்வளவு செலவானது? கடைசியில் மட்டும் இரண்டு பொதுவான கேள்விகள்: மீட்டிங் உள்ள நாளில் மறுபடி இங்கே வருவீர்களா? மீட்டிங் இல்லாத நாளில் வருவீர்களா? தரவரிசைக்கு இந்த இரண்டும்தான் கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி வரிசை, ஒன்றாகக் கூட்டுவதில்லை.

நேரத்தையும் பிரித்துக் கேட்டோம்: காலை 11 வரை, 11 முதல் 3, 3 முதல் 6, அதற்குப் பிறகு. காலையில் ஆள் நடமாட்டமே இல்லாத கடை, நாலரைக்குப் பக்கத்துக் கல்லூரி விட்டதும் சந்தைக்கடை ஆகிவிடும். பதிவே இல்லாத நேரத்துக்குச் சுழியம் போடாமல் காலியாகவே விட்டோம். சுழியம் போட்டால் ஷீட் அதையும் கெட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும்.

வைஃபை, சத்தம், கழிப்பறை

வேகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்து, நெட்ஃபிளிக்ஸ் நடத்துகிற ஃபாஸ்ட்.காம் தளத்தை எடுத்துக்கொண்டோம். செயலி எதுவும் இறக்க வேண்டாம். திறந்தவுடன் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு வேகம்; நமக்கு அது இரண்டாம் பட்சம். கீழே கூடுதல் தகவலைத் தட்டினால் அப்லோடு வேகமும், லேட்டன்சி, அதாவது தகவல் போய்த் திரும்ப ஆகிற தாமதம், இரண்டு விதமாகவும் வரும்: லைன் சும்மா இருக்கும்போது, லைன் நிறைந்திருக்கும்போது. இரண்டாவதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று குழுவில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சும்மா இருக்கும்போது 20 மில்லி செகண்ட், நிறையும்போது 600 என்று இருந்தால், பக்கத்து மேசைக்காரர் படம் பார்க்கத் தொடங்கியதும் உங்கள் குரல் துண்டு துண்டாகப் போகும். வேகம் மட்டும் என்றால் இரண்டு பேர் பேசும் 720பி வீடியோ காலுக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் போதும் என்கிறது ஜூம். அந்த அளவு எங்கள் பட்டியலில் அநேகமாக எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கால் கெடுவது பெரும்பாலும் வேகம் போதாமல் இல்லை, லைன் நிறைந்த பிறகு ஏறுகிற இந்தத் தாமதத்தால்.

ஓ.டி.பி. கேட்கும் வைஃபை வேறு ஒரு தலைவலி. போன் நம்பர் கொடுத்து உள்ளே போனால், ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிட்டு மறுபடி நம்பர் கேட்கும். அது மீட்டிங் நடுவில்தான் நடக்கும். பில்லிலேயே பாஸ்வேர்டு அச்சடித்துத் தருகிற சின்னக் கடைகள் இந்த விஷயத்தில் மேல்.

சத்தத்தை அளக்கப் போன் செயலிகள் இருக்கின்றன. டெசிபல் கணக்கும் காட்டும். ஆனால் ஒவ்வொரு போனின் மைக்கும் ஒவ்வொரு மாதிரி. அளவு சரிபார்க்காத கருவியில் வந்த எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. மறுமுனைக்காரரைச் சாட்சியாக வைத்தது அதனால்தான். இதில் ஒன்று தெரிந்தது: சாலைச் சத்தத்தைப் பற்றிப் புகார் குறைவு. இயர்போன் மென்பொருள் அந்த ஒரே மாதிரியான இரைச்சலை வடிகட்டிவிடுகிறது. ஜூஸ் மிக்சியையும், பால் நுரைக்க விடுகிற ஆவிச் சத்தத்தையும், எஃப்.எம். பாட்டையும் அதனால் அந்த அளவுக்கு வடிகட்ட முடியவில்லை. ஆகவே மிக்சிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் சுவர் இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்ந்தது.

கழிப்பறையைப் பற்றி முதலில் கேட்டவர்கள் குழுவில் இருந்த பெண்கள். 'இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் போதாது என்று அவர்களே கேள்வியை மூன்றாகப் பிரித்தார்கள்: உள்ளே தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, சாவியைக் கல்லாவில் போய்க் கேட்க வேண்டுமா? ஆறு மணிக்கு மேல் தனியாக உட்கார முடிகிறதா, வண்டி நிறுத்தும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்பதும் அவர்கள் சேர்த்ததுதான். ஆண்கள் 'மறுபடி வருவேன்' என்று வரிசையாகப் போட்ட சில கடைகளில், பெண்கள் வரிசையாக 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். மொத்தச் சராசரியில் அந்தக் கடைகள் நடுத்தரமாகத் தெரிந்தன. அப்படி நடுவில் நிற்கிற கடையைப் பார்த்தால் உள்ளே போய் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

கணக்கு

ஒரே ஒருவர் போய் 'ஆம்' என்று போட்ட கடைக்கு நூற்றுக்கு நூறு. இருபது பேர் போய்ப் பதினேழு பேர் 'ஆம்' சொன்ன கடைக்கு எண்பத்தைந்து. நேராக வரிசைப்படுத்தினால் முதல் கடை மேலே வந்து நிற்கும். அதைச் சரி செய்ய ஒவ்வொரு கடைக்கும் கற்பனையாக ஐந்து ஓட்டு முன்கூட்டியே போட்டு வைத்தோம், அதில் மூன்று 'ஆம்'. முதல் கடை: 1 கூட்டல் 3, வகுத்தல் 6; அதாவது 0.67. இரண்டாவது: 17 கூட்டல் 3, வகுத்தல் 25; 0.80. இப்போது வரிசை நியாயமாக இருக்கிறது. சினிமாத் தளமான ஐ.எம்.டி.பி. தன் 250 படப் பட்டியலுக்கு வெளியிட்ட சூத்திரமும் இதே வகைதான். ஐந்து என்பது எங்கள் குழுவின் அளவுக்கு வைத்தது. ஆயிரம் பேர் நிரப்புகிற பட்டியலுக்கு அது ரொம்பக் குறைவு.

பழைய பதிவுகளுக்கு எடை குறைய வேண்டும். கடைக்காரர் நெட் பிளானை மாற்றுவார், ரவுட்டரை மாற்றுவார், கடையையே கைமாற்றிவிடுவார். 90 நாளில் ஒரு ஓட்டு பாதி ஓட்டாகும், 180 நாளில் கால் ஓட்டு. ஷீட்டில் இதற்கு ஒரு வரி போதும்: 0.5-ஐ, (இன்றைய தேதி கழித்தல் பதிவான தேதி) வகுத்தல் 90 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அந்த எடைகளைக் கூட்டினால் அதுதான் ஓட்டு எண்ணிக்கை. ஒருவரே பத்துத் தடவை போட்டால் அந்த நேரப் பிரிவுக்கு அவருடைய கடைசிப் பதிவு மட்டும்தான் கணக்கில் வரும்.

இதையெல்லாம் வரைபடத்தில் காட்ட யூமேப் என்ற தளம். ஷீட்டை சி.எஸ்.வி.-யாக வெளியிட்டு, அந்த இணைப்பை யூமேப்பில் வெளித் தரவாகக் கொடுத்தால், அட்சரேகை, தீர்க்கரேகை நெடுவரிசைகளைப் படித்துப் புள்ளி வைத்துவிடும். முதலில் புள்ளிகள் வரவில்லையென்றால் அமைப்பில் பிராக்ஸி தெரிவைப் போட்டுப் பாருங்கள்.

ரவுட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது

எங்கள் பட்டியல் மற்ற பட்டியல்களிலிருந்து விலகிப் போனது இங்கேதான். எங்களில் பலர் கடைக்குப் போவதே வீட்டில் கரண்ட் இல்லாத நாளில். மின்வாரியம் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு செய்யும் நாளில், காலை 9-லிருந்து மாலை 4 அல்லது 5 வரை அந்த நிலையத்திலிருந்து மின்சாரம் பெறுகிற பகுதி முழுக்க இருக்காது. அன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல கடையிலும் இருக்காது. 'பக்கத்தில் உள்ள சிறந்த கடை' என்று தேடுகிற எந்தச் செயலியும் அன்றைக்கு நம்மைச் சரியாக அந்த இருட்டுக்குள் அனுப்பும்.

சரி, கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். லைட், ஃபேன், பில்லிங் மெஷின் ஆகியவற்றுக்கு இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பார்கள். ரவுட்டர் எங்கேயோ மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், சாதா லைனில் தொங்கும். கரண்ட் போனதும் கடை பளிச்சென்று இருக்கும், நெட் மட்டும் போய்விடும். கேட்டால் கடைக்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி: ரவுட்டர் பில்லிங் மெஷின் இருக்கிற அதே போர்டில் செருகியிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு பேக்கரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அட, ஆமாங்க. நெட்டு போனா ஜீபேயும் போயிருது பாருங்க" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார். அவருக்கு எங்கள் வீடியோ காலைவிட அந்தக் காரணம்தான் பெரிது. நியாயம்தான். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது, அதை மாட்டினாலும் போதும்.

கடையில் எல்லாம் சரியாக இருந்தாலும் நெட் போகலாம். ஆப்டிகல் ஃபைபர் நேராகக் கடைவரை வருகிற இணைப்பில் நடுவில் மின்சாரம் தேவைப்படும் சாதனம் இருக்காது. அது தாங்கும். உள்ளூர் கேபிள்காரர் கம்பத்தில் பெட்டி வைத்து, அதற்குள் ஸ்விட்ச் போட்டு, அங்கிருந்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தால், பெட்டிக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்ததும் தெருவே அடங்கிவிடும். எனவே 'கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நெட் இருந்ததா' என்பது தனிக் கேள்வி. இதற்குப் பதில் சேர்வது மெதுவாகத்தான். கரண்ட் போகிற அன்றைக்கு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

இதன் பிறகு சேர்த்ததுதான் எனக்குப் பிடித்த நெடுவரிசை: துணை மின்நிலையம். ஒவ்வொரு கடைக்கும் எதிரே சரவணம்பட்டி, கணபதி, பீளமேடு என்று அந்தந்த நிலையத்தின் பெயர். இதை எந்த வரைபடத்திலும் எங்களால் எடுக்க முடியவில்லை. பத்திரிகையில் வரும் மின்தடை அறிவிப்புகளில் நிலையத்தின் பெயருக்குக் கீழே பகுதிகளின் பெயர்கள் இருக்கும். பழைய அறிவிப்புகளைச் சேர்த்து வைத்துக் கடைகளோடு பொருத்தினோம். நகர், அவென்யூ, லேஅவுட் என்று ஒரே மாதிரிப் பெயர்கள் இருப்பதால் எல்லையில் குழப்பம் வரும். அங்கே கடைக்காரரிடமே, "போன மாசம் உங்களுக்கு எந்தக் கிழமைங்க கரண்ட் போச்சு?" என்று கேட்டால் தீர்ந்தது. இப்போது அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே யாராவது குழுவில் நிலையத்தின் பெயரைப் போடுகிறார்கள். ஷீட்டில் அந்தப் பெயரை வடிகட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவை மறுநாள் போகக்கூடிய கடைகள்.

கடைக்காரர் பக்கம்

பட்டியலில் சேர்க்கும் முன் கடைக்காரரிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். எட்டு மேசை இருக்கிற கடையில் மூன்று மேசையை ஆளுக்கொரு காபியோடு மதியம்வரை பிடித்துக்கொண்டால் அவருக்கு வாடகை கட்டாது. கேட்டதில் பெரும்பாலோர் மறுக்கவில்லை, ஆனால் நிபந்தனை சொன்னார்கள். ஒருவர் சொன்னது: "தாராளமா உக்காருங்க தம்பி. பன்னெண்டரைல இருந்து மூணு வரைக்கும் மட்டும் மேசைய விட்டுக் குடுத்துருங்க." அப்படியே அந்த நேரம் ஷீட்டில் 'வேண்டாம்' என்று சிவப்பில் இருக்கிறது. சிலர் சனி, ஞாயிறு வேண்டாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்றவர்களை எடுத்துவிட்டோம். அதில் எனக்குப் பிடித்த ஒரு கடையும் அடக்கம். நான் இப்போது அங்கே காபி மட்டும் குடிக்கிறேன்.

மணி நேரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு இரண்டு பக்கத்துக்கும் பயன்படுகிறது. கப்புச்சினோவுக்கு 200 ரூபாயும் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்குகிற ஏசி கஃபேயில் மூன்று மணி நேரம் ஒரே கப்போடு இருந்தால் மணிக்கு 70 ரூபாய். பேக்கரியில் மணிக்கொரு டீ, நடுவில் ஒரு பப்ஸ் என்று போனால் அதில் பாதிகூட ஆகாது. ஆனால் அந்தப் பேக்கரிக்காரருக்கு நம்மால் கிடைப்பது அவ்வளவுதான் என்பதும் அதே எண்ணில் தெரியும். அதனால் மணிக்கு இவ்வளவாவது வாங்க வேண்டும் என்று கடைக்கொரு தொகையைக் கடைக்காரரைக் கேட்டே போட்டிருக்கிறோம். யாரும் போய்ச் சோதிப்பதில்லை, ஆனால் எழுதி வைத்தால் பெரும்பாலும் வாங்கிவிடுகிறார்கள்.

நூலகங்களையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் இடம் உண்டு, அமைதி உண்டு. ஆனால் அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கால் பேச முடியாது, பேசவும் கூடாது. சென்னை கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க ஒரு தளம், வேலை பார்க்க ஒரு தளம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று இந்தப் பக்கம் வந்தால் பட்டியலில் பாதிக் கேள்விகளுக்கு வேலை இருக்காது. அதுவரை நூலகம் மீட்டிங் இல்லாத நாள் வரிசையில் மட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் படிவத்தில் இன்னொரு கேள்வி ஏற்ற வேண்டியிருக்கிறது: உட்காருகிற இடத்துக்கு மேலே தகரக் கூரையா, கான்கிரீட்டா?